வால்வு திறந்தது யார் குற்றம்?

மன்னார்த் தீவில் பள்ளிமுனைக்கு நாம் போனது ஒரு கடிதத்தின் காரணமாக. மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் எமது உறுப்பினர் ஒருவருடைய மகன், தீவின் கரையோரத்தில் உள்ள ஐஸ் கம்பனி ஒன்றில் மெசின் பார்க்கிறார். பள்ளிமுனையில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். கம்பனி அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருந்தது. பையன் அதைத் தொலைபேசியில் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்ப, தாய் அதைத் தோட்டத் தலைவரிடம் காட்ட, தலைவர் எமது காரியாலயத்துக்கு அனுப்பினார். கடிதம் முழுவதும் ஆங்கிலம். காரியாலயத்தில் இங்கிலிஷ் தெரிந்தவர்கள் இருந்தும் கடிதம் விளங்கவில்லை. செட் பிரஷர், ஓவர் பிரஷர், புளோடவுன் என்று எழுதியிருந்ததை என்னவென்று எடுப்பது?

1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ரயிலும் ஓடத் தொடங்குவதற்கு முன், எமது முன்னோர் மன்னார்க் காட்டு வழியாக நடந்தே மலைக்குப் போனார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு பல குடும்பங்கள் மலையை விட்டு இறங்கி வன்னியிலும் மன்னாரிலும் குடியேறின. இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடி அதே பக்கம் போகிறார்கள். அவர் எமக்குச் சந்தா கட்டுபவர் அல்லர். ஆனாலும் சந்தா கட்டும் தாயின் பிள்ளை. போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

கடிதத்தில் குற்றச்சாட்டு இரண்டு. முதலாவது, அமோனியாத் தொட்டியின் பாதுகாப்பு வால்வு 17 பாரில் திறக்கும்படி செட் செய்யப்பட்டிருக்க, அழுத்தம் 17.6 பார் வரை போக விட்டது உமது கவனயீனம் என்பது. இரண்டாவது, திறந்த வால்வு 17க்கு இறங்கியதும் மூடியிருக்க வேண்டும், ஆனால் 15.8 பாருக்கு இறங்கும் வரை மூடவில்லை, ஆகவே நீர் வால்வில் கை வைத்திருக்கிறீர் என்பது. வெளியேறிய அமோனியாவின் விலையும் அன்று கெட்டுப்போன ஐஸின் விலையும் சம்பளத்தில் கழிக்கப்படும், ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று கடைசியில் இருந்தது. நாம் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள்.

பள்ளிமுனையில் ஒரு பழைய பெருக்க மரம் இருக்கிறது. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள். உயரம் அதிகம் இல்லை, சுற்றளவுதான் ஆளை அசத்தும். அந்த மரத்துக்குப் பக்கத்தில் தம்பி எம்மைச் சந்தித்தார். கூடவே ஒரு பெரியவரையும் அழைத்து வந்திருந்தார். பள்ளிமுனைக்காரர். கப்பல்களில் எஞ்சின் அறையில் பல வருடம் வேலை செய்து ஊரோடு வந்து தங்கிவிட்டவர். கடிதத்தைக் கையில் வாங்கி இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஒரு தடியை எடுத்து மணலில் கோடு கீற ஆரம்பித்தார். அன்று பின்னேரம் நாம் படித்த பாடத்தைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்கிறோம். ஐஸ் கம்பனிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வீட்டில் பிரஷர் குக்கர் இருந்தால் பாதி விளங்கிவிடும். மூடியின் மேலே இருக்கும் விசில் ஒரு கனமான இரும்புக் குண்டு. உள்ளே நீராவியின் அழுத்தம் அந்தக் குண்டைத் தூக்கும் அளவுக்கு வந்ததும் விசில் அடித்து ஆவி போகிறது. சாதாரண குக்கரில் அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய 1 பார். அதைத்தான் 15 பி.எஸ்.ஐ. என்றும் சொல்வார்கள். ஒரு பார் என்பது பதினான்கரை பி.எஸ்.ஐ. விசில் துவாரத்தைப் பருப்பு அடைத்துக்கொண்டால்? அதற்காகத்தான் மூடியில் இன்னொரு சின்ன அடைப்பான் இருக்கிறது. தண்ணீர் வற்றிச் சூடு கூடினால் அது உருகி வழிவிடும். தொழிற்சாலை வால்வில் குண்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு சுருள்வில் இருக்கிறது. வில்லை எவ்வளவு இறுக்கியிருக்கிறார்களோ அவ்வளவு அழுத்தம் வந்த பிறகே வால்வு திறக்கும். அந்த அளவுதான் செட் பிரஷர்.

பெரியவர் மணலில் முதலில் கீறிய கோடு வேலை அழுத்தம். மெசின் நாளாந்தம் ஓடும்போது முள் நிற்கும் இடம். அதற்கு மேலே இரண்டாவது கோடு, வால்வு திறக்கும் செட் பிரஷர். அதற்கும் மேலே மூன்றாவது கோடு, அந்தத் தொட்டி தாங்கலாம் என்று செய்தவன் எழுதிக் கொடுத்த ஆகக்கூடிய அழுத்தம். இந்த மூன்றாவது எண் தொட்டியின் உடம்பில் அடித்திருக்கும் தகட்டில் இருக்கும். செட் பிரஷர் வால்வின் தகட்டில் இருக்கும். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம், செட் பிரஷர் குறைவாகவும் இருக்கலாம். ஒரேயொரு வால்வுதான் இருக்கிறதென்றால் அதன் செட் பிரஷர் தொட்டியின் எண்ணுக்கு மேலே இருக்கக் கூடாது. “தகட்டில எத்தனை போட்டிருக்கு, தம்பி?” என்று கேட்டார். தம்பி எழுதி வைத்திருந்தார். தொட்டி 18 பார். வால்வு 17 பார்.

அடுத்ததுதான் கடிதம் எழுதியவர் தவறிய இடம். செட் பிரஷர் வந்ததும் வால்வு முழுவதும் திறந்துவிடாது. அப்போதுதான் அது இருக்கையை விட்டு எழும்பத் தொடங்குகிறது. முழு அளவு வெளியேற்ற வேண்டுமானால் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்குப் பெயர் ஓவர் பிரஷர். இப்படியான தொட்டிகளில் பொதுவாக 10 வீதம் என்று எடுத்துத்தான் வால்வைத் தெரிவு செய்கிறார்கள். நீராவி பாய்லர்களில் அது 3 வீதம் போல மிகக் குறைவு. 17 பாரில் 10 வீதம் 1.7. ஆகவே இந்த வால்வு 18.7 வரை ஏறித் தன் முழு வேலையையும் செய்யும்படி அமைந்தது. 17.6 என்பது அந்த வழியில் பாதிக்கும் குறைவு.

ஓவர் பிரஷர் என்ற சொல்லைக் கேட்டதும் யாரோ அழுத்தத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று தோன்றும். தமிழில் மேலதிக அழுத்தம் என்று எழுதினாலும் அதே தோற்றம்தான். அது உண்மையில் வால்வு வேலை செய்வதற்கு அளந்து கொடுத்த இடைவெளி. அதைக் கணக்கிடுவது செட் பிரஷரிலிருந்து. தொட்டியின் எண்ணைத் தாண்டி எவ்வளவு போயிற்று என்பதற்கு அக்கியூமுலேஷன் என்று வேறொரு சொல் இருக்கிறது. அதைக் கணக்கிடுவது தொட்டியின் தகட்டிலிருந்து. ஒற்றை வால்வு உள்ள இடத்தில் 10 வீதம் வரை, பல வால்வுகள் உள்ள இடத்தில் 16 வீதம் வரை, தொட்டியைச் சுற்றித் தீப்பிடித்த அவசரத்தில் 21 வீதம் வரை என்று அதற்கும் சர்வதேச அளவில் பின்பற்றப்படும் எல்லைகள் உண்டு. இரண்டு தகட்டிலும் ஒரே எண் இருந்தால் இரண்டு சொல்லும் ஒரே அளவைக் குறிக்கும். அதனால் படித்தவர்களும் ஒன்றை மற்றதென்று எழுதிவிடுகிறார்கள் என்றார் பெரியவர். தம்பியின் தொட்டியில் எண்கள் வேறு வேறு. 17.6 தொட்டியின் 18ஐத் தொடவே இல்லை. அக்கியூமுலேஷன் பூச்சியம்.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நான்காவது கோடு போதுமாக இருந்தது. திறந்த வால்வு, திறந்த அதே அழுத்தத்தில் மூடுவதில்லை. மூடினால் அடுத்த நொடியே திரும்பத் திறக்கும், திரும்ப மூடும், தட்டித் தட்டியே தன் இருக்கையை உடைத்துக்கொள்ளும். ஆகவே செட் பிரஷருக்குச் சற்றுக் கீழே இறங்கிய பிறகே மூடும்படி செய்திருக்கிறார்கள். திறந்த அளவுக்கும் மூடிய அளவுக்கும் உள்ள வித்தியாசமே புளோடவுன். 17இல் திறந்து 15.8இல் மூடினால் வித்தியாசம் 1.2, அதாவது ஏழு வீதம். “இது நல்ல வால்வு. இதை ஏன் குறை சொல்றாங்க?” என்று பெரியவர் சிரித்தார். பாய்லரில் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடுவதற்கும் புளோடவுன் என்றுதான் பெயர். ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு அது பழக்கமான சொல். இது வேறு.

அப்படியானால் அழுத்தம் 17 வரை ஏறியது ஏன்? இதற்குப் பதில் தம்பியின் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. மணிக்கு மணி மீற்றரைப் பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு. நான்கு மாதத்துக்கு முன் மத்தியான வேளையில் 13 பார். அடுத்த மாதம் 14. பிறகு 15. கடைசி வாரத்தில் பதினைந்தரை. அமோனியாவைக் குளிர வைத்துத் திரவமாக்கும் கொண்டென்சர் குழாய்களில் உப்பும் காரையும் படிந்தால் சூடு வெளியேறாது. சூடு வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறும். அமோனியாவுக்கு 35 பாகை செல்சியஸில் ஏறக்குறைய பன்னிரண்டரை பார், 40 பாகையில் பதினான்கரை பார். ஐந்து பாகைச் சூட்டுக்கு இரண்டு பார். குழாயைச் சுத்தம் செய்ய இரண்டு நாள் மெசினை நிறுத்த வேண்டும். மீன் வரும் காலத்தில் எந்த முதலாளி நிறுத்துவார்?

வேலை அழுத்தம் செட் பிரஷருக்குக் கிட்ட வந்துவிட்டால் வால்வு சிணுங்கத் தொடங்கும், இருக்கையில் இலேசாகக் கசியும். வேலை அழுத்தத்துக்கும் செட் பிரஷருக்கும் இடையில் பத்து வீதமாவது இடைவெளி இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். பதினைந்தரை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. சம்பவத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே தம்பி புத்தகத்தில் எழுதியிருக்கிறார்: “வால்வில் மணம் வருகிறது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன்.” மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்று கேட்டோம். தம்பி கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: “ஸ்பானர எடுத்து அரைச் சுத்து இறுக்கி விடச் சொன்னாரு. நான் செய்யல.”

அவர் அந்த அரைச் சுற்றை இறுக்கியிருந்தால் கசிவு நின்றிருக்கும், மணமும் நின்றிருக்கும். தகட்டில் 17 என்றே இருந்திருக்கும். வில் மட்டும் எத்தனையில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். கொண்டென்சருக்குத் தண்ணீர் வராமல் போன அன்று, கொம்பிரசர் ஓடிக்கொண்டே இருக்க, அதைத் தானாக நிறுத்த வேண்டிய சுவிட்சும் வேலை செய்யாத நேரத்தில், வால்வு 17இல் திறந்ததால்தான் தொட்டி இருக்கிறது. தம்பியும் இருக்கிறார். அதற்குத்தான் கடிதம்.

வால்வை இறுக்கச் சொல்வது புதிதல்ல. நீராவி யந்திரம் வந்த காலத்தில் வால்வு என்பது ஒரு நெம்புகோலும் அதில் தொங்கும் எடையும்தான். வேகம் வேண்டும் என்றால் இன்னொரு எடையைத் தொங்கவிடுவார்கள், அல்லது கயிற்றால் கட்டிவிடுவார்கள். பாய்லர் வெடித்தால் முதலில் செத்தவர் பக்கத்தில் நின்றவர். குற்றம் சுமத்தப்பட்டவரும் அவரே, செத்தவர் பதில் சொல்ல மாட்டார் அல்லவா. 1905 மார்ச் 20ஆம் திகதி அமெரிக்காவில் மசச்சூசெட்ஸ் மாநிலத்து புரொக்டன் நகரில் சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றின் பழைய பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அந்த மாநிலம் 1907இல் பாய்லர் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்க எந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முதலாவது பாய்லர் விதித்தொகுப்பு 1915இல் அச்சாயிற்று. இன்று உலகின் பல பக்கத்திலும் வால்வுத் தகடுகளில் இருக்கும் சொற்கள் அந்த விதிகளின் வழி வந்தவை. எமது நாட்டிலும் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலன்களின் பாதுகாப்பையும் பரிசோதனையையும் பற்றிப் பேசுகிறது. தொழில் திணைக்களத்தில் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே முறைப்பாடு கொடுக்க முடியும் என்பது எமது தலைவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அது எமது குறை.

இவ்வளவோடு திரும்பியிருந்தால் இந்தத் தலையங்கத்தை நாம் எழுதியிருக்க மாட்டோம். கடிதத்துக்குப் பதில் தயார், கணக்குச் சரி என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் இன்னொன்று கேட்டார். “வால்வின்ட மற்ற வாய் எங்க போகுது?”

தம்பி கை நீட்டிக் காட்டியபடி சொன்னார். வால்விலிருந்து வரும் குழாய் சுவரைத் தாண்டி வெளியே வந்து, ஆள் உயரத்தில் கீழ்நோக்கி வளைந்து நிற்கிறது. அதற்கு நேரே கொட்டில். கொட்டிலில் பெண்கள் இருந்து மீனை ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்குகிறார்கள். அன்று வால்வு திறந்தபோது அமோனியா அவர்கள் மேல் இறங்கியது. கண் எரிந்து, மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து ஓடினார்கள். இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கம்பனிக் கடிதத்தில் அமோனியாவின் விலை இருக்கிறது, ஐஸின் விலை இருக்கிறது. அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அதுவரை நாமும் கேட்கவில்லை. எமது கண்ணும் 17இலும் 17.6இலும்தான் இருந்தது.

அமெரிக்காவில் குளிரூட்டல் நிலையங்களுக்கான விதியொன்று, இந்தக் குழாயின் வாய் தரையிலிருந்து 15 அடிக்குக் குறையாத உயரத்திலும், கதவு, யன்னல்களில் இருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. குழாயை மேலே கொண்டுபோவதிலும் ஒரு கவனம் வேண்டும். குழாய் ஒடுக்கமாகவோ மிக நீளமாகவோ இருந்தால், அல்லது குளவி கூடு கட்டி அடைத்துவிட்டால், வெளியேற வேண்டியது குழாய்க்குள் நின்று வால்வைப் பின்னுக்குத் தள்ளும். அதற்கு பேக் பிரஷர், எதிர் அழுத்தம் என்று பெயர். சாதாரண சுருள்வில் வால்வில் குழாய்ப் பக்கம் எப்போதும் 1 பார் நின்றால், 17இல் திறக்க வேண்டியது 18இல்தான் திறக்கும். அதாவது குழாயை அடைத்தவன் வால்வை இறுக்கியவனுக்குச் சமம். தம்பியின் தொட்டியில் அப்படி நடந்திருந்தால் மணலில் கீறிய இரண்டாவது கோடு மூன்றாவது கோட்டோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

போபால் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு. செவின் என்ற பூச்சிமருந்து செய்யும் தொழிற்சாலை. அதற்குத் தேவையான மீதைல் ஐசோசயனேட் என்ற நஞ்சு நிலத்துக்கடியில் ஒரு தொட்டியில் இருந்தது. அந்த இரவின் கதையை மீற்றர் எண்களாலேயே சொல்லலாம். 10.20க்கு 2 பி.எஸ்.ஐ. பத்தே முக்காலுக்கு முறை மாறியது. 11 மணிக்குப் புதிய முறையில் வந்தவர் பார்த்தபோது 10. இரண்டிலிருந்து இருபத்தைந்து வரை வழமையானது என்பதால் அவர் பதறவில்லை. நாற்பது நிமிடத்தில் ஐந்து மடங்கு ஏறியிருந்தது அந்த ஒரு எண்ணைப் பார்த்தால் தெரியாது. நள்ளிரவு தாண்டிக் கால் மணிக்கு 30. சற்று நேரத்தில் முள் மீற்றரின் கடைசி எண்ணான 55ஐயும் தாண்டி நின்றது. வால்வின் செட் பிரஷர் 40. வால்வு திறந்தது. அது தன் வேலையைச் செய்தது. தொட்டி வெடிக்கவில்லை.

வால்வுக்குப் பின்னால் இருந்தவைதான் வேலை செய்யவில்லை. நஞ்சைக் கழுவிச் செயலிழக்கச் செய்யும் கோபுரம் ஆயத்த நிலையில் இல்லை. மிச்சத்தை எரிக்கும் கோபுரத்தின் குழாய் திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. தொட்டியைக் குளிராக வைத்திருக்கும் யந்திரம் ஜூன் மாதத்திலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. சுமார் 40 தொன் நஞ்சு அந்த வால்வு வழியாக, குழாய் வழியாக, நித்திரையில் கிடந்த குடிசைகள் மேல் போனது. உடனடியாக இறந்தவர்கள் 2,259 என்றது முதல் அரசாங்கக் கணக்கு. பின்னர் மத்தியப் பிரதேச அரசு 3,787 என்றது. உண்மை அதைவிடப் பல மடங்கு என்று அங்குள்ள மக்கள் இன்றும் சொல்கிறார்கள். கம்பனியோ, மனக்கசப்புற்ற ஒரு தொழிலாளி வேண்டுமென்று தொட்டிக்குள் தண்ணீர் விட்டதே காரணம் என்று வாதாடியது. 2010 ஜூனில் போபால் நீதிமன்றம் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருடச் சிறை விதித்தது. இருபத்தைந்து வருடம் கழித்து, இரண்டு வருடம்.

செட் பிரஷர் என்பது இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்து வைத்த எண். பெட்டி அடுக்கும் பெண்ணின் நுரையீரல் எவ்வளவு தாங்கும் என்று எந்தத் தகட்டிலும் அடித்திருக்காது. அதைக் கேட்க வேண்டியது சங்கம்தான்.

வீட்டுக் குசினிக்கும் இது வந்து போனதை மறந்திருக்க மாட்டீர்கள். 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுவதும் சமையல் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் தீப்பிடித்தன, வெடித்தன. குழாய் பழையது, ரெகுலேட்டர் பழையது என்று முதலில் பழி வீட்டுக்காரர் மேல் விழுந்தது. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருந்த கலவையை மாற்றியதே பிரதான காரணம் என்றது. பியூட்டேனைக் குறைத்துப் புரொப்பேனைக் கூட்டியிருந்தார்கள். எமது வெயிலில், 30 பாகையில், தனிப் பியூட்டேன் 2 பார் அளவில்தான் தள்ளும். தனிப் புரொப்பேன் 10 பாருக்குக் கிட்டத் தள்ளும். சிலிண்டர் அதே சிலிண்டர், வால்வு அதே வால்வு. வேலை அழுத்தம் மட்டும் ஏறிவிட்டது. அதைச் சமைப்பவருக்கு யாரும் சொல்லவில்லை.

எமது ஸ்டோர்களுக்கு வருவோம். பல ஸ்டோர்களில் விறகடுப்புச் சூட்டுக் காற்றால்தான் கொழுந்து காய்கிறது, அங்கே நீராவி இல்லை. பாய்லர் உள்ள ஸ்டோர்களும் இருக்கின்றன. இறப்பர்த் தோட்டங்களிலும் இருக்கின்றன. காற்றைச் சேர்த்து வைக்கும் கொம்பிரசர் தொட்டி சின்ன வேலைத்தலங்களில்கூட உண்டு. அதற்கும் வால்வு உண்டு, அதைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாய்லர் பார்ப்பவருக்கு ‘பெயர்’ விழுகிறதா என்று நாம் கேட்டிருக்கிறோம். மீற்றரின் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சம்பள நிர்ணயத்துக்கும் வீட்டுக் காணிக்கும் போராடும் சங்கத்துக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். விபத்து நடந்த பிறகு விசாரணை மேசையில் எதிரே இருப்பவர் இந்தச் சொற்களில்தான் பேசுவார். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. ஆனால் நடந்தது என்னவென்று சொல்லத் தெரியாத பக்கம் அந்த மேசையில் வாயடைத்துத்தான் இருக்கும்.

மெசின் பார்ப்பவர்களிடம் எமது வேண்டுகோள் இது. வால்வு கசிந்தால் இறுக்காதீர்கள். யார் சொன்னாலும் இறுக்காதீர்கள். கசிவை நேரத்தோடும் மீற்றர் எண்ணோடும் புத்தகத்தில் எழுதுங்கள், யாரிடம் சொன்னீர்கள் என்றும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், புத்தகங்களும் சில நேரம் காணாமல் போகும். முறை மாறும்போது இப்போதைய எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு மணித்தியாலத்துக்கு முன் எவ்வளவு இருந்தது என்பதையும் சொல்லுங்கள். அமோனியா உள்ள இடத்தில் வேலை செய்பவர்கள், மணம் பலமாக வந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி ஓடுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் கால் மணித்தியாலமாவது தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், எந்த மொழியில் இருந்தாலும், கையெழுத்து வைக்கும் முன் தலைவரிடம் காட்டுங்கள்.

தம்பியின் பதில் ஆறாம் நாள் கொடுக்கப்பட்டது. பெரியவர் சொல்லச் சொல்ல நாம் தமிழில் எழுதினோம், பள்ளிமுனை ஆசிரியை ஒருவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். இரண்டு தகட்டு எண்களும், நான்கு மாத மீற்றர்க் கணக்கும், கசிவை எழுதிய பக்கமும் சேர்த்து இணைத்தோம். கடைசியில் கொட்டிலில் இருந்த பெண்களைப் பற்றியும், குழாயின் வாயை உயர்த்த வேண்டும் என்பதைப் பற்றியும் ஒரு பந்தி சேர்த்தோம். அதைப் போட வேண்டாம், வேலைக்கு மோசம் வரும் என்று முதலில் தம்பி பயந்தார். பிறகு அவரே போடச் சொன்னார். அந்த மாதச் சம்பளத்தில் எதுவும் கழிபடவில்லை. கடிதத்தை வாபஸ் பெற்றதாக எழுத்தில் எதுவும் வரவுமில்லை. கொண்டென்சரைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருக்கிறார்கள் என்று தம்பி போன கிழமை சொன்னார். குழாய் இன்னும் கொட்டிலைப் பார்த்தபடிதான் நிற்கிறது. அந்தப் பெண்களின் பெயர்களோடு தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுத, அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டிருக்கிறோம்.

பாய்லரோ காற்றுத் தொட்டியோ உள்ள ஸ்டோர்களின் தோட்டத் தலைவர்கள், அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது நான்கு விடயங்களைத் துண்டில் எழுதி வர வேண்டும்: தொட்டியின் தகட்டில் உள்ள எண், வால்வின் தகட்டில் உள்ள எண், மீற்றரில் முள் வழக்கமாக நிற்கும் எண், வால்வுக் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. தகடு பெயின்ட் அடித்து மறைந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.